நடைப்பயிற்சி ரோபோ வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடலியக்க மறுவாழ்வுக்குப் பயன்படும் ரோபோக்களின் உலகச் சந்தை ஆண்டுதோறும் வேகமாக வளரப்போவதாகத் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தக்கலைப் பகுதியில் பல ஆண்டுகளாக இயன்முறை மருத்துவராகப் பணியாற்றிவருபவன் நான். பக்கவாதம் வந்தவரையோ தண்டுவடத்தில் அடிபட்டவரையோ வீட்டில் வைத்திருக்கும் குடும்பத்தார் இந்த இயந்திரங்களைப் பற்றி இப்போதெல்லாம் அடிக்கடி என்னிடம் விசாரிக்கிறார்கள். ஆகையால் அக்கட்டுரை தொடாமல் விட்ட ஒரு கேள்வியை இங்கே எழுப்ப விரும்புகிறேன். சந்தை எவ்வளவு பெரிதாகும் என்று கட்டுரை விரிவாகச் சொல்கிறது. அந்தப் பணத்தை யார் கொடுக்கப்போகிறார்கள், எதற்காகக் கொடுக்கப்போகிறார்கள் என்று சொல்லவில்லை. கன்னியாகுமரி போன்ற ஒரு மாவட்டத்துக்கு இந்த இயந்திரங்கள் வந்தால் அவை நோயாளிக்கு உதவுமா, மருத்துவமனை வாசலில் நிற்கும் விளம்பரப் பலகைக்கு மட்டும் உதவுமா என்பது அதைப் பொறுத்தே அமையும்.

விற்பனைக்கு வரும் இயந்திரங்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சுவிட்சர்லாந்தின் ஹொகோமா நிறுவனம் தயாரிக்கும் லோகோமாட் போன்றவை, நோயாளியின் எடையில் ஒரு பகுதியை மேலிருந்து வார்களால் தாங்கிக்கொண்டு, ஓடும் பட்டையின் மீது அவருடைய இடுப்பையும் முழங்காலையும் மோட்டார்களால் இயக்கி நடக்கப் பழக்குபவை. மருத்துவமனையில் நிலையாக நிறுத்தப்படும் இவற்றின் விலை கோடிக்கணக்கில் போகும். இரண்டாவது வகை, உடலோடு பொருத்தி அணிந்துகொண்டு தரையில் நடக்க உதவுபவை. இஸ்ரேலில் தோன்றிய ரீவாக், கலிபோர்னியாவின் எக்ஸோ, தோலின் மேல் கிடைக்கும் மின்குறிப்புகளைப் படித்து இயங்கும் ஜப்பானின் ஹால் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. மூன்றாவது வகை கைக்கானது, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவான மேனஸ் என்ற கருவியிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. மேசை மேல் வைக்கப்படும் அந்தக் கருவியின் பிடியை நோயாளி பற்றிக்கொண்டு, திரையில் தெரியும் இலக்கை நோக்கிக் கையை நகர்த்த முயல்வார். அவரால் முடியாத அளவுக்கு மட்டும் இயந்திரம் உதவி செய்யும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். மூளையில் ஒரு பகுதி சேதமடைந்தால், எஞ்சிய பகுதிகள் அந்த வேலையை ஓரளவுக்குக் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் அதற்கு ஒரே அசைவை மிகப் பல முறை, கவனத்தோடும் சொந்த முயற்சியோடும் செய்தாக வேண்டும். அமெரிக்காவில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, பக்கவாத நோயாளிகளின் வழக்கமான சிகிச்சை அமர்வுகளை அருகிலிருந்து எண்ணிப் பார்த்து, ஓர் அமர்வில் கைக்குக் கிடைக்கும் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே என்று கண்டது. விலங்குகளிடம் மூளை மாற்றத்தைக் காட்டிய ஆய்வுகளிலோ அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் இருந்தது. கை சோராமல், முதுகு வலிக்காமல், ஒரே அமர்வில் ஆயிரம் முறை கையை நீட்டி மடக்க வைப்பது இயந்திரத்தால் முடியும். ஒரு காலைப் பொழுதில் பல நோயாளிகளைப் பார்க்கும் என்னைப் போன்றவரால் முடியாது. ரோபோக்களின் நியாயமான பெருமை இதுவே. இதற்கு மேல் சொல்லப்படுவதையெல்லாம் சான்றோடு ஒப்பிட்டுத்தான் ஏற்க வேண்டும்.

சான்றுகள் விற்பனையாளர்கள் சொல்வதைவிட நிதானமாகப் பேசுகின்றன. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் வந்து ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆன 127 பேர் பங்கேற்றனர். ரோபோவில் பழகியவர்கள் 12 வாரங்களில் 36 அமர்வுகள் பெற்றனர்; ஓர் அமர்வுக்குச் சராசரியாக 1,024 அசைவுகள். 12 வார முடிவில் வழக்கமான கவனிப்பைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க அளவில் மேம்படவில்லை. 36 வாரங்களில் சிறிதளவு மேம்பாடு தெரிந்தது. ஆனால் அதே தீவிரத்தில் மனிதக் கைகளால் பயிற்சி பெற்றவர்களும் அவர்களுக்குப் பின்தங்கவில்லை. பின்னர் பிரிட்டனில் 770 பேரிடம் நடத்தப்பட்டு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு இன்னும் கடுமையான முடிவைத் தந்தது: ரோபோப் பயிற்சி பெற்றவர்களின் கைச் செயல்பாடு, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட மேம்படவில்லை, செலவுக்கேற்ற பயனும் காணப்படவில்லை.

கால்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 62 ஆய்வுகளையும் 2,440 நோயாளிகளையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் பன்னாட்டு அமைப்பின் அறிக்கை), இயன்முறை சிகிச்சையோடு சேர்த்து இயந்திர நடைப்பயிற்சியும் பெற்றவர்கள் பிறர் துணையின்றி நடக்கும் வாய்ப்பு அதிகம் என்று சொல்கிறது. பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்பவர்களும், அந்தக் கட்டத்தில் சுயமாக நடக்க இயலாதவர்களுமே இதனால் அதிகப் பயன் பெறுகிறார்கள். 'சேர்த்து' என்ற சொல்லைக் கொள்முதல் செய்யும் அதிகாரிகள் கவனிக்க வேண்டும். இயன்முறை மருத்துவரின் இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவைத்த மருத்துவமனைக்கு இந்தச் சான்று பொருந்தாது. இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருப்பவரின் மகன் நகையை அடகு வைத்துத் தந்தையை ரோபோ மையத்துக்கு அழைத்துச் செல்லும்போது, அவரிடம் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். பல இடங்களில் சொல்லப்படுவதில்லை. பத்து அமர்வுகளுக்கான முன்பணம் வாங்கப்படுகிறது.

இனி சந்தைக்கு வருகிறேன். வளர்ச்சி பற்றிய கணிப்புகளைப் படிப்பவர்கள், இத்தொழிலில் இருக்கும் நிறுவனங்கள் கொழித்துக் கிடக்கின்றன என்று நினைக்கக்கூடும். உண்மை அப்படி இல்லை. பார்க்கர் ஹானிஃபின் என்ற மாபெரும் அமெரிக்கத் தொழில் நிறுவனம் தன் இண்டிகோ என்னும் அணியும் ரோபோப் பிரிவை 2022 டிசம்பரில் வெறும் 1 கோடி டாலருக்கு எக்ஸோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. வாங்கிய எக்ஸோவின் 2023ஆம் ஆண்டு மொத்த வருவாயே சுமார் 1.83 கோடி டாலர்தான். 2014இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்று, அதே ஆண்டு பங்குச் சந்தையிலும் நுழைந்த ரீவாக், வேறு நிறுவனத்தை வாங்கி, லைஃப்வார்ட் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. விரும்பி வாங்க ஆள் இல்லாததால் இந்நிலை ஏற்படவில்லை. உலகில் சுமார் 240 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வகை மறுவாழ்வு சிகிச்சை பயன்தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேவைப்படுகிறவர்களிடம் பணம் இல்லை. பணம் உள்ள காப்பீட்டு நிறுவனங்கள் கொடுக்க முன்வரவில்லை. அதுதான் சிக்கல்.

கொடுக்க முன்வந்த இடங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜப்பான் 2015இல் ஹால் கருவியைச் சில நரம்புத் தசை நோய்களுக்கான மருத்துவக் கருவியாக அங்கீகரித்து, அடுத்த ஆண்டே பொதுக் காப்பீட்டின் கீழ்க் கொண்டுவந்தது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் 2024 ஏப்ரலில் அணியும் நடை ரோபோ ஒன்றுக்கு 91,032 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 75 லட்சம் ரூபாய், என்று கட்டணம் நிர்ணயித்தது. ஒரு நாட்டின் முதியோர் காப்பீடு விலையை எழுதிய பிறகே அந்நாட்டில் அது சந்தை என்ற பெயருக்குத் தகுதி பெற்றது. நம் நாட்டிலோ காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட நெறிமுறைகளில், காப்பீட்டிலிருந்து விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகள் என்று 12 வகைகளைப் பட்டியலிட்டது. ரோபோ அறுவை சிகிச்சை அதில் உண்டு. ரோபோ மறுவாழ்வுப் பயிற்சி இல்லை. கத்தி பிடிக்கும் ரோபோவுக்குப் பணம் உண்டு. அதன்பின் நோயாளியை எழுப்பி நடக்கவைக்கும் ரோபோவுக்குக் கிடையாது. அதைவிட வருத்தமானது, மருத்துவமனையில் தங்காமல் வந்துபோய்ப் பெறும் சாதாரண இயன்முறை சிகிச்சைக்கே பெரும்பாலான காப்பீட்டுத் திட்டங்கள் பணம் தருவதில்லை.

நம் மாவட்டத்தின் நிலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் நெருக்கமான மாவட்டம் இது. பனையும் தென்னையும் ஏறுகிறவர்கள், சாரத்தின் மேல் நின்று கட்டட வேலை செய்கிறவர்கள், களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை நீளும் குறுகலான நெடுஞ்சாலையில் இரவும் பகலும் இருசக்கர வாகனம் ஓட்டுகிறவர்கள் என்று முதுகுத்தண்டையும் தலையையும் பணயம் வைத்துப் பிழைக்கும் மக்கள் இங்கே ஏராளம். தண்டுவடம் முறிந்து என்னிடம் வந்தவர்களில் மரத்திலிருந்து விழுந்தவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் போகும் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தால், அந்தக் குடும்பத்தின் வருமானம் அன்றோடு நின்றுவிடுகிறது.

அடிபட்டவர்களுக்கு முதல் கட்ட உதவி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே பொறுப்பேற்பது. அதனால் உயிர் பிழைத்தவர்களை நான் நேரில் அறிவேன். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2001ஆம் ஆண்டு முதல் நமக்கு இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. இவற்றுக்கு நடுவே விடுபட்டிருப்பது, வீடு திரும்பிய நாள் முதல் மூன்று மாதம் வரை தினந்தோறும் கிடைக்க வேண்டிய தீவிரப் பயிற்சி. திருவட்டாறிலிருந்து ஒரு பக்கவாத நோயாளியை வாரத்தில் ஐந்து நாள் ஆசாரிபள்ளத்துக்கு அழைத்துவர வேண்டுமானால், சிகிச்சை இலவசமாக இருந்தாலும் ஆட்டோ வாடகையும், கூட வருகிறவர் இழக்கும் கூலியும் சேர்ந்து அந்தக் குடும்பத்தை இரண்டாவது வாரத்திலேயே நிறுத்தவைத்துவிடும். பிறகு அவர்கள் பக்கத்து ஊர் வர்ம ஆசானிடம் போகிறார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசான் வீட்டுக்கு வந்து, தினமும் அரை மணி நேரம் தொட்டுத் தடவிப் பேசிவிட்டுப் போகிறார். நாங்கள் செய்வது வாரத்துக்கு ஒரு முறை.

குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. அதையும் நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 பக்கவாத நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், குடும்பத்தாருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னதால் ஆறு மாத முடிவில் இறப்போ பிறரைச் சார்ந்திருக்கும் நிலையோ குறையவில்லை. இந்த ஆய்வையும் மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, குடும்பத்தின் தலையிலோ இயந்திரத்தின் தலையிலோ பொறுப்பை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது பயன் தராது என்றே நான் கருதுகிறேன். தேர்ந்த ஒருவர் அருகில் இருந்து, எந்த அசைவை, எவ்வளவு உதவியோடு, எத்தனை முறை என்று நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டே போக வேண்டும். அவருடைய கைகளை இரட்டிப்பாக்கித் தர இயந்திரம் வரட்டும்.

அப்படிப்பட்ட இயந்திரத்துக்கு சுவிட்சர்லாந்து வரை போக வேண்டியதும் இல்லை. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் திருவனந்தபுரத்தில், சாக்கடைக் குழிகளைச் சுத்தம் செய்யும் பாண்டிகூட் ரோபோவால் பெயர்பெற்ற ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம், ஜி-கெய்ட்டர் என்ற நடைப்பயிற்சி ரோபோவையும் செய்கிறது. கேரள அரசு அதைத் திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் நிறுவியிருக்கிறது. கைக்கான கருவி என்றால், சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து உருவாக்கிய புளூட்டோ இருக்கிறது. ஒரே மோட்டாரில் பிடிகளை மட்டும் மாற்றி மணிக்கட்டு, முன்கை, விரல்கள் ஆகியவற்றுக்கு வெவ்வேறு பயிற்சி தரும் சிறிய கருவி அது. வீட்டிலும் வைத்துப் பயன்படுத்தலாம். வேலூருக்கு இத்துறையில் நீண்ட மரபு உண்டு. 1954இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் முயன்று, நாட்டின் முதல் உள்நோயாளி மறுவாழ்வு மையத்தை 1966இல் அங்கேதான் தொடங்கினார்.

உள்நாட்டுக் கருவியை நான் வலியுறுத்துவதற்கு நாட்டுப்பற்று மட்டும் காரணமில்லை. ரீவாக் போன்ற கருவி 160 முதல் 190 செ.மீ. வரை உயரமுள்ளவர்களுக்கு என்று வடிவமைக்கப்பட்டது. நம் பெண்களில் பெரும்பாலோர் அந்தக் கீழ் எல்லையைக்கூட எட்டமாட்டார்கள். பழுது இன்னொரு காரணம். அமெரிக்காவில் ஒருவருடைய நடை ரோபோவில் சிறு மின்கம்பி ஒன்று அறுந்தபோது, கருவி வாங்கி ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டன என்று சொல்லித் தயாரிப்பாளர் பழுதுபார்க்க மறுத்ததும், செய்தி வெளியே வந்த பிறகே சரிசெய்யப்பட்டதும் சில ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் பேசப்பட்டன. அங்கேயே அந்தக் கதி என்றால், இங்கே உதிரிப்பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய கருவியை நம்பி நோயாளியின் முதல் மூன்று மாதங்களை ஒப்படைக்க முடியாது. நான் அறிந்த ஒரு தனியார் மையத்தில் வெளிநாட்டுக் கருவி ஒன்று பாகம் வராமல் நெடுநாள் துணி போர்த்தி நின்றது; அந்த நாள்களிலும் அதன் படம் போட்ட விளம்பரம் பேருந்துகளின் பின்புறத்தில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது.

எனவே மாநில மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் நம் மாவட்டத்தின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு யோசனையை முன்வைக்கிறேன். இயந்திரத்தை விலைக்கு வாங்கித் திறப்பு விழா நடத்துவதற்குப் பதிலாக, பயிற்சி அமர்வுகளை அரசு வாங்கலாம். இதற்கு முன்மாதிரி நம் மாநிலத்திலேயே இருக்கிறது: தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மையங்களைக் குறைந்த கட்டணத்தில் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. அதே கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி, ஆசாரிபள்ளத்தில் ஒரு நடைப்பயிற்சி ரோபோவையும், தக்கலை பத்மநாபபுரம், குழித்துறை, குலசேகரம் ஆகிய அரசு மருத்துவமனைகளில் கைக்கான சிறிய கருவிகளையும் நிறுவச் செய்து, முடிந்த அமர்வுக்கு மட்டும் நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கலாம். கருவி பழுதாகி நின்றால் வருமானம் நிறுவனத்துக்கு நிற்கும் என்ற நிலை வந்தால், உதிரிப்பாகம் தானாக வேகமாக வந்து சேரும். உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கும் நிலையான வருமானம் கிடைக்கும். தங்கள் கட்டுரை எதிர்பார்க்கும் சந்தை வளர்ச்சிக்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தத்தில் சில நிபந்தனைகள் தவறாமல் இடம்பெற வேண்டும். பக்கவாதமோ தண்டுவடக் காயமோ ஏற்பட்டு மூன்று மாதம் கடக்காத, இன்னும் தனியே நடக்க முடியாத நோயாளிகளுக்கே நடைப்பயிற்சி ரோபோவில் முன்னுரிமை தரப்பட வேண்டும். யாருடைய பரிந்துரைக் கடிதத்துக்கும் இதில் இடமிருக்கக் கூடாது. கருவி இயங்கும் ஒவ்வொரு வேளைக்கும் நிரந்தரப் பணியில் இயன்முறை மருத்துவர்கள் நியமிக்கப்பட வேண்டும்; தொழில்நுட்ப உதவியாளரை மட்டும் வைத்து நடத்தினால் காக்ரேன் மதிப்பாய்வு சொல்லும் பயன் கிடைக்காது. சேரும்போது நோயாளி எவ்வளவு நடந்தார், முடிக்கும்போது எவ்வளவு நடந்தார் என்ற கணக்கைப் பெயர் இல்லாமல் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். முன்னேற்றம் தெரியவில்லை என்றால் அதை ஒப்புக்கொண்டு, அந்தப் பணத்தைக் கூடுதல் இயன்முறை மருத்துவர்களுக்குத் திருப்பிவிடவும் வழி இருக்க வேண்டும். மலையோர ஊர்களிலிருந்து நோயாளிகளை அழைத்துவர ஒரு வாகனம் இதில் சேராவிட்டால், நாகர்கோவிலைச் சுற்றியிருப்பவர்கள் மட்டுமே பயனடைவார்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், மருத்துவமனையில் தங்காமல் பெறும் மறுவாழ்வுப் பயிற்சிக்கு, ரோபோவால் ஆனாலும் மனிதக் கையால் ஆனாலும், அமர்வுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை நிர்ணயிப்பதே இவை அனைத்துக்கும் முதற்படி. அதற்கான அரசாணையைக் கேட்டு மாவட்டத்தின் இயன்முறை மருத்துவர்கள் சிலர் சேர்ந்து மனு ஒன்றைத் தயாரித்துவருகிறோம். நோயாளிகளின் குடும்பத்தாரும் அதில் கையெழுத்திட முன்வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.